ஏழு பேர் ஏறும் வண்டி



ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்து மணியிருக்கும். தலைக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மைவி கார் வந்து நின்றது. முதலில் பையன் இறங்கினான். என்னிடம் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். அடுத்து அவன் தகப்பனார். சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர் வேலை பார்க்கிறவர். பிறகு பின்கதவு திறந்தது. மண்டோரின் மனைவி, மகள், கைக்குழந்தையோடு மருமகள், கடைசியில் பாட்டி. ஐந்து பேர் உட்காரும் வண்டியிலிருந்து ஏழு பேர் இறங்கினார்கள்! பாட்டியை இறக்குவதற்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. முழங்கால் மடங்கி மரத்துப் போயிருந்தது பாவம்.

"டீச்சர், பெரிய காடி ஒன்னு எடுக்கலாம்னு இருக்கோம். தம்பி ஒன்னு சொல்றான், நான் ஒன்னு சொல்றேன். நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்றார் மண்டோர்.

நான் படித்தது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில். கார் இயந்திரத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் என் வீட்டில் இதே விஷயத்தில் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறோம். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். அன்று அவர்களோடு பேசியதையும், அதற்காக நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் உங்களோடும் பகிர்ந்துகொண்டால் என்ன என்று தோன்றியது. ஏனென்றால் இந்தக் கேள்வி ஒரு மண்டோர் வீட்டுக் கேள்வியாக மட்டும் இல்லை. ஈப்போவிலும் சிம்மோரிலும் பத்து காஜாவிலும், தோட்டத்தை விட்டு வந்து தாமான் வீடுகளில் குடியேறிய எத்தனையோ குடும்பங்களில் இன்று இதே பேச்சுத்தான்.

என் சிறு வயதில் தோட்டத்தில் உயரமான வண்டி என்றால் அது துரையின் லேண்ட் ரோவர் ஒன்றுதான். செம்மண் சடக்கில் அது வரும் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் ஒதுங்கி நிற்போம். நமக்கெல்லாம் லோரிதான். 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வெளிவந்தது. எங்கள் தோட்டத்தில் கிராணி வீட்டில் ஒன்று வாங்கினார்கள்; அதைத் தொட்டுப் பார்க்கப் பயந்தோம். 1994-ல் பெரோடுவா கஞ்சில் வந்த பிறகுதான் பால் வெட்டுகிறவர் வீட்டு வாசலிலும் கார் நிற்க ஆரம்பித்தது. அதே பெரோடுவா 1998-ல் கெம்பாரா என்று ஓர் உயரமான வண்டியை விட்டது. நம் நாட்டுக் கம்பெனி விற்ற முதல் எஸ்யூவி அதுதான். துரை வண்டியின் உயரம் நமக்கும் கிடைக்கும் என்ற ஆசை அன்றைக்கே பிறந்துவிட்டது என்று நினைக்கிறேன். இன்று ஷோரூம் வாசலில் நம் பிள்ளைகள் நிற்பதைப் பார்த்தால் எனக்கு அந்த லேண்ட் ரோவர் ஞாபகம் வரும். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு தவறான எண்ணத்தை முதலிலேயே நீக்கிவிட வேண்டும். எஸ்யூவி என்றால் நான்கு சக்கரமும் இழுக்கும், காட்டிலும் சேற்றிலும் போகும் என்று பலர் நம்புகிறார்கள். குடும்பங்கள் வாங்கும் எஸ்யூவிகளில் பெரும்பாலானவை அப்படியல்ல. இரண்டு சக்கரந்தான் இழுக்கும். உயரம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். மழை நாளில் செம்பனைக் காட்டுப் பாதையில் சிக்கிக்கொண்டால் இதற்கும் டிராக்டரைத்தான் கூப்பிட வேண்டும். உயரத்தால் வருகிற பயன் வேறு: மேடுபள்ளத்தில் அடிப்பாகம் தட்டாது, வயதானவர்கள் குனிந்து விழுந்து உட்காராமல், நாற்காலியில் உட்காருவது போல் உட்கார்ந்து எழலாம். மண்டோர் வீட்டுப் பாட்டிக்கு வேண்டியது இந்த இரண்டாவது பயன்தான்.

சரி, எந்த வண்டி?

பையன் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அவன் மனம் புரோட்டோன் எக்ஸ்50 மேல். "தஞ்சோங் மாலிமில நம்ம பையனுங்க பூட்டுற காடி, டீச்சர்" என்றான். உண்மைதான். 2017-ல் சீனாவின் ஜீலி கம்பெனி புரோட்டோனில் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. அதன் பிறகு 2018 டிசம்பரில் எக்ஸ்70 வந்தது. முதலில் சீனாவிலிருந்து முழு வண்டியாக இறங்கியது. 2020 முதல் நம் பேராக்கில், தஞ்சோங் மாலிம் ஆலையிலேயே பூட்டப்பட்டது. அதே 2020-ன் அக்டோபரில் எக்ஸ்50. அறிமுகமான போது அதன் விலை 79,200 வெள்ளியிலிருந்து 103,300 வெள்ளி வரை. அழகான வண்டி, வேகமான வண்டி. நம் மாநிலத்து உழைப்பு என்ற பெருமை வேறு. ஆனால் இருக்கை ஐந்துதான். நான் பையனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "தம்பி, இப்போ மைவியில வந்த ஏழு பேர்ல, எந்த ரெண்டு பேரை வீட்டுல விட்டுட்டுப் போவ?" பையன் பதில் சொல்லவில்லை. மருமகள் சிரித்துவிட்டாள்.

இது வெறும் இட நெருக்கடி விஷயமல்ல, வாசகர்களே. பின்னிருக்கைக்காரர்களும் பெல்ட் போட வேண்டும் என்ற சட்டம் 2009 ஜனவரி முதல் தேதியே வந்துவிட்டது. 2020 ஜனவரி முதல் குழந்தைகளுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கையும் கட்டாயம். மடியில் வைத்திருக்கும் குழந்தையை, திடீரென்று பிரேக் அடித்தால், எந்தத் தாயின் கையும் பிடித்து நிறுத்தாது. பெல்ட் மூன்றுதான் இருக்கிறது, உட்கார்ந்திருப்பவர்கள் நான்கு பேர் என்றால் அது வண்டி அல்ல, ஆபத்து.

ஏழு இருக்கை என்று வைத்துக்கொண்டால் பட்டியல் சுருங்கிவிடுகிறது. 2019 ஜனவரியில் வந்த பெரோடுவா அருஸ், அறிமுக விலை 72,900 வெள்ளியும் 77,900 வெள்ளியும். 2022 ஜூலையில் வந்த இரண்டாம் தலைமுறை பெரோடுவா அல்சா, அப்போது 62,500 வெள்ளியிலிருந்து. 2023-ல் வந்த புரோட்டோன் எக்ஸ்90, அது 123,800 வெள்ளிக்கு மேல். நம் பேச்சுக்கு வெளியே. பெரோடுவா அத்திவா என்று ஒன்று 2021-ல் வந்தது. இயந்திரம் 1,000 சிசிக்கு உட்பட்டதால் சாலை வரி வருஷத்துக்கு 20 வெள்ளிதான். இரண்டு பிள்ளைகள் உள்ள சிறு குடும்பத்துக்கு நல்ல வண்டி. ஆனால் அதுவும் ஐந்து பேருக்குத்தான்.

அல்சாவை எஸ்யூவி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தாழ்ந்த வண்டி. ஆனால் இடம் தாராளம், பெட்ரோல் சிக்கனம். தார் சடக்கிலேயே ஓடுகிற குடும்பம் என்றால், பெயரைப் பார்க்காமல் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. மண்டோருக்கோ வீட்டிலிருந்து தோட்ட ஆபீஸ் வரை செம்மண் பாதை, மழை பெய்தால் குழி. அவருக்கு அருஸ் பிடித்திருந்தது.

அருஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தரையிலிருந்து அடிப்பாகம் வரை 220 மில்லிமீட்டர் உயரம். 1.5 லிட்டர் இயந்திரம், டர்போ கிடையாது. கியர் நான்கே நான்கு கொண்ட ஆட்டோமேட்டிக். பின்சக்கரம் இழுக்கிற வண்டி. இதையெல்லாம் கேட்டால் விவரம் தெரிந்த இளைஞர்கள் முகம் சுளிப்பார்கள். பழைய காலத்து அமைப்பு என்பார்கள். சாலையில் கொஞ்சம் தூக்கிப் போடும் என்பதும், பெட்ரோல் அல்சாவை விடக் கூடக் குடிக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் பழைய அமைப்பு என்பதற்கு நம் ஊரில் இன்னோர் அர்த்தம் இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் உள்ள சாதாரணப் போமனுக்கும் அது புரியும். டொயோட்டா ரஷ், டைஹாட்சு டெரியோஸ் ஆகியவற்றோடு இது உடன்பிறந்த வண்டி. ஆகவே பொருள் கிடைக்குமா என்று பயப்பட வேண்டியதில்லை. ஆள் நிறைந்து மேடு ஏறும்போது பாரம் பின்னால் அழுத்துகிறது, பின்சக்கரமே தள்ளுகிறது. அதுவும் ஒரு வசதிதான்.

டர்போ கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இயந்திரத்திலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தாலேயே ஒரு சிறு விசிறியைச் சுற்ற வைத்து, அதன் மூலம் இயந்திரத்துக்குள் அதிகக் காற்றை அழுத்தி அனுப்புவதுதான் டர்போ. சின்ன இயந்திரம் பெரிய இயந்திரத்தின் வேலையைச் செய்யும். ஆனால் அந்த விசிறி சுற்றுகிற வேகமும் சூடும் அதிகம். எண்ணெயைக் குறித்த காலத்தில், குறித்த ரகத்தில் மாற்றியே தீர வேண்டும். "இந்த மாசம் கை இறுக்கம், அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுகிற வீடு டர்போ வண்டி வாங்கக் கூடாது. நம்மில் பலர் தள்ளிப் போடுகிறவர்கள்தானே?

இப்போது என் வீட்டுக் கதை.

பல வருஷங்களுக்கு முன் என் அண்ணன் பழைய வெளிநாட்டு எஸ்யூவி ஒன்றை வாங்கினார். பெயர் வேண்டாம். பளபளவென்று இருந்தது. தோல் இருக்கை, கூரையில் கண்ணாடி. புது மைவி விலைக்குக் குறைவாகவே கிடைத்தது. எட்டு மாதம் ராஜா மாதிரி ஓட்டினார். ஒரு பள்ளி விடுமுறையில், சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வழியில், பாதி மலையில் கியர் விழாமல் நின்றுவிட்டது. வண்டிக்குள் என் தாயார், அண்ணி, பிள்ளைகள் மூவர். மழை வேறு. இழுவை லோரி வரும்வரை சாலையோரத்தில் மூன்று மணி நேரம் நின்றோம். ஈப்போவுக்குக் கொண்டுவந்து திறந்து பார்த்தால், கியர் பெட்டியில் மாற்ற வேண்டிய ஒரு பாகம் உள்நாட்டில் இல்லை. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். நான்கு மாதம்! நான்கு மாதமும் வண்டி பட்டறையில். தவணை மட்டும் மாதா மாதம் வங்கிக்கு. அண்ணன் மறுபடி மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனார். பாகம் வந்தபோது அதன் விலையையும் கூலியையும் சேர்த்துப் பார்த்தால் அண்ணியின் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போயிற்று. வண்டியை விற்ற பிறகும் கடன் மிச்சம் இருந்தது.

விற்றவரைத் திட்டிப் பயனில்லை. அந்த வண்டியைப் பழுது பார்க்க ஈப்போவில் யார் இருக்கிறார்கள் என்று வாங்குவதற்கு முன் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கூரைக் கண்ணாடியைப் பார்த்து வாயைப் பிளந்தவர்களில் நானும் ஒருத்தி.

அதனால்தான், ஷோரூமுக்குப் போவதற்கு முன் சர்வீஸ் நிலையத்துக்குப் போங்கள் என்று மண்டோரிடம் சொன்னேன். சனிக்கிழமை காலையில் போக வேண்டும். அன்றுதான் கூட்டம். வரிசையில் காத்திருக்கிறவர்களிடம் சும்மா பேச்சுக் கொடுங்கள். எத்தனை நாள் முன்னால் பதிவு செய்தீர்கள், போன தடவை சொன்ன நேரத்தில் வண்டி கிடைத்ததா, மோதி அடிபட்டால் பம்பரும் விளக்கும் எத்தனை நாளில் வருகிறது என்று கேளுங்கள். விற்பனையாளர் தம் வாயால் சொல்லாததை இவர்கள் சொல்லிவிடுவார்கள். சில இடங்களில் விற்பனை மட்டும் நடக்கும். சர்வீஸ் வேறு ஊரில், உதிரிப் பாகம் இன்னொரு ஊரில். மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும் கிளை உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஈப்போவில் இருக்கிறவர்களுக்குக் கவலையில்லை. ஊருக்கு உள்ளே தள்ளி இருக்கும் தோட்டத்து மக்களுக்கு, ஒரு சர்வீஸ் என்பது ஒரு நாள் சம்பளம்.

உத்தரவாதம் பற்றி ஒரு வார்த்தை. நான் மேலே சொன்ன புரோட்டோன், பெரோடுவா எஸ்யூவிகளுக்குக் கம்பெனி கொடுத்தது ஐந்து வருஷம் அல்லது 150,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. ஆனால் குறித்த காலத்தில் கம்பெனி ஒப்புக்கொண்ட நிலையத்தில் சர்வீஸ் செய்து, புத்தகத்தில் முத்திரை வாங்கியிருக்க வேண்டும். "நம்ம போமன் பாதி விலைக்கு எண்ணெய் மாத்துவான்" என்று ஒரு தடவை வெளியே போனால், பிறகு இயந்திரம் கெட்டுப் போய் நிற்கும்போது கம்பெனி அந்தப் புத்தகத்தைத்தான் கேட்கும். ஐந்து வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் போமனுக்குத் தீபாவளிப் பலகாரமும் கொடுங்கள், வண்டியையும் கொடுங்கள்.

கம்பெனியோ கடைக்காரரோ நியாயம் செய்யாவிட்டால் நமக்கு ஒரு வழி இருக்கிறது. மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம். மனுவுக்குக் கட்டணம் ஐந்து வெள்ளி. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும். ரசீது, கடிதம், தொலைபேசியில் வந்த செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள். என் அண்ணனிடம் ஒரு ரசீதுகூட இல்லை.

நிற்க. பணத்துக்கு வருவோம். இதுதான் நம் வீடுகளில் சத்தமாகப் பேசப்படாத விஷயம்.

கரும்பலகை இல்லாததால் பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். நீங்களும் பென்சிலை எடுங்கள். வண்டி விலை 73,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பத்து விழுக்காடு முன்பணம் 7,300. கடன் 65,700. நம் நாட்டில் நெடுங்காலம் பழக்கத்தில் இருந்த நிலை வட்டிக் கணக்குப்படி, உதாரணத்துக்கு 3 விழுக்காடு, ஒன்பது வருஷம். வட்டி மட்டும் 17,739 வெள்ளி. கடனையும் வட்டியையும் கூட்டி 108 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ஏறக்குறைய 773 வெள்ளி.

"773 தானே, முடியும் டீச்சர்" என்றான் பையன்.

அதே வண்டிக்கு 20,000 வெள்ளி முன்பணம் கட்டினால் கடன் 53,000. ஏழே வருஷத்தில் முடிக்கலாம். மாதத் தவணை 763 வெள்ளிதான் வரும். வட்டி 11,130. அதாவது மாதச் சுமை கூடாமலேயே இரண்டு வருஷம் முந்தி விடுதலை. வட்டியில் ஆறாயிரத்து அறுநூறு வெள்ளி மிச்சம். மண்டோர் அந்தத் தாளை வாங்கி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷம் என்பது கடைக்குட்டிப் பேத்தி நான்காம் வகுப்புக்கு வந்துவிடும் காலம்.

வட்டிக் கணக்கை வங்கி எப்படிப் போட்டாலும் சரி, ஒரே கேள்வி கேளுங்கள்: "எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?" அந்த எண்ணை எழுதி வாங்குங்கள்.

தவணையோடு முடிந்ததா? 2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. அதில் 773 என்பது கிட்டத்தட்டப் பாதி. அதற்கு மேல் பெட்ரோல், காப்புறுதி, சர்வீஸ், டயர். உயரமான வண்டியின் பெரிய டயர் மைவி டயர் விலைக்குக் கிடைக்காது. நான்கையும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டி வரும்போது தெரியும். பெட்ரோலைக் கணக்கிட விளம்பரத்தை நம்ப வேண்டாம். தொட்டியை நிரப்பிக்கொண்டு மீட்டரைக் குறித்து வையுங்கள். அடுத்த தடவை நிரப்பும்போது எத்தனை லிட்டர் போயிற்று, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று வகுத்துப் பாருங்கள். 480 கிலோமீட்டருக்கு 40 லிட்டர் என்றால் லிட்டருக்கு 12. மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடினால் 100 லிட்டர். 2025 செப்டம்பர் இறுதியில் புடி95 திட்டம் தொடங்கியபோது குடிமக்களுக்கு லிட்டர் 1.99 வெள்ளி; அந்தக் கணக்கில் மாதம் 199 வெள்ளி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யும் கணக்கு இது. அவர்களையே செய்யச் சொல்லுங்கள், பாடமும் ஆயிற்று.

காப்புறுதியில் ஒன்று கவனியுங்கள். வெள்ளத்தில் வண்டி மூழ்கினால், அதற்கென்று தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருந்தால்தான் இழப்பீடு கிடைக்கும். முழுக் காப்புறுதி என்ற பெயரை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. ஆற்றோரத்தில் வீடு உள்ளவர்கள் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்பணத்துக்கு எங்கே போவது? 2024 மே மாதத்திலிருந்து ஊழியர் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கத்தக்க மூன்றாவது கணக்கு ஒன்று வந்தது. மண்டோர் அதைச் சொன்னார். நான் தலையாட்டவில்லை. வயதான காலத்துக்கு ஒதுக்கிய காசை வண்டியின் சக்கரத்தில் கட்டலாமா? சட்டம் எடுக்க விடுகிறது. அதனால் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. மைவிக்குக் கடன் முடிந்துவிட்டதே, அதை விற்கிற காசை முன்பணமாக வையுங்கள் என்றேன்.

ஜாமீன் கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஆட்களின் இளகிய மனசுக்கு இது ஒரு கண்ணி. "ஒரு கையெழுத்துத்தானே மாமா" என்பார்கள். அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம், அவன் கட்டாவிட்டால் நீங்கள் கட்டுவீர்கள் என்பது. கடன் வாங்கியவர்களும் தங்கள் உரிமையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1967-ஆம் வருஷத்து வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு மாதத் தவணை தவறினால்தான் வண்டியைப் பறிமுதல் செய்ய நடவடிக்கை எடுக்கலாம். அதற்கும் முன்னால் 21 நாள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். விலையில் முக்கால் பங்குக்கு மேல் கட்டி முடித்திருந்தால், நீதிமன்ற உத்தரவில்லாமல் வண்டியைத் தொட முடியாது. நள்ளிரவில் வாசலில் வந்து நின்று சாவியைப் பிடுங்குகிறவனிடம் அனுமதி அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக மண்டோர் குடும்பத்துக்கு நான் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஆறு மாதத்துக்குப் பொய்த் தவணை கட்ட வேண்டும். அதாவது, வண்டி வாங்கிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு, மாதம் 773 வெள்ளியைத் தனியாக ஒரு வங்கிக் கணக்கில் போட வேண்டும். தொடக் கூடாது.

முதல் இரண்டு மாதம் போட்டார்கள். மூன்றாம் மாதம் பாட்டியின் கண் அறுவைச் சிகிச்சை, போடவில்லை. ஐந்தாம் மாதம் மகளின் பாலிடெக்னிக் செலவு; போடவில்லை. ஆறு மாத முடிவில் நான்கு தவணைதான் புத்தகத்தில் இருந்தது. பையன் அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டும்போது முகம் சின்னதாகிப் போயிருந்தது. "உண்மையான கடனா இருந்தா என்ன ஆகியிருக்கும் டீச்சர்?" என்று அவனே கேட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. தேர்வில் தவறியவனைப் போல் நிற்கிற பிள்ளைக்கு அந்த நேரத்தில் ஆறுதல் சொல்வதா, அறிவுரை சொல்வதா என்று இருபது வருஷ வேலைக்குப் பிறகும் எனக்குத் தெரிவதில்லை.

அதன் பிறகு அவர்கள் புது வண்டி எண்ணத்தை விட்டுவிட்டு, மூன்று வருஷம் ஓடிய அருஸ் ஒன்றைத் தேடினார்கள். இங்கேதான் பையன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினான். சர்வீஸ் புத்தகம் முழுதாக இல்லாத வண்டிகளை வாசலோடு திருப்பி அனுப்பினான். ஒவ்வொரு வண்டியிலும் சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பார்த்தான். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் அடிப்பக்கத்தில் சேற்றுக் கறை தங்கிவிடும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். காலடி விரிப்பைத் தூக்கி முகர்ந்து பார்த்தான். மிச்சம் இருக்கும் இரண்டு வருஷ உத்தரவாதம் புதிய உரிமையாளருக்கும் தொடருமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டான். வீட்டு வாசலையும் நாடா பிடித்து அளந்தான். அருஸின் நீளம் 4,435 மில்லிமீட்டர்; அவர்கள் தாமான் வீட்டில் கேட்டை மூடினால் ஒரு சாண்தான் மிஞ்சும்.

பாட்டியையும் கூட்டிக்கொண்டு போய் ஏற்றிப் பார்த்தார்கள். இதை எல்லோரும் செய்ய வேண்டும். விற்பனையாளர் நமக்குக் காட்டுவது ஓட்டுநர் இருக்கையை; நமக்கு முக்கியம் கடைசி இருக்கை. மூன்றாவது வரிசையில் பாட்டியால் நுழையவே முடியவில்லை. பெரியவர்கள் யாருக்கும் அங்கே கால் நீட்ட வசதியில்லை. அதில் மகளும், சமயத்தில் மருமகளும் உட்காருவதென்று முடிவாயிற்று. நடு வரிசையில் ஓரத்தில் பாட்டி, மறு ஓரத்தில் குழந்தையின் தனி இருக்கை. ஏழு பேரும் ஏறிவிட்டால் பின்னால் பை வைக்க இடம் குறைவு. ஊருக்குப் போவதென்றால் துணிமூட்டையைக் குறைக்க வேண்டும் என்று மண்டோரின் மனைவிக்கு அங்கேயே வருத்தம்.

மைவி விற்ற பணம், அந்த நான்கு பொய்த் தவணை, மண்டோர் கட்டி வந்த சீட்டுப் பணம் மூன்றும் சேர்ந்து முன்பணம் பெரிதாகிவிட்டது. தவணை 600 வெள்ளிக்குள் வந்தது. ஐந்து வருஷம். ஜாமீன் யாரையும் கேட்கவில்லை.

வண்டி வந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். நானும் போயிருந்தேன். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முன் கண்ணாடியில் விபூதி பூசப் போன பாட்டியை, "அங்க கேமரா இருக்கு பாட்டி" என்று பேரன் தடுத்தான். பாட்டி விடவில்லை, கேமராவுக்குப் பக்கத்திலேயே மூன்று கோடு இழுத்தார்.

பிறகு எங்கே போகலாம் என்று கேட்டதற்குப் பாட்டி கல்லுமலைக் கோயிலையும் சொல்லவில்லை, ஈப்போ பேரங்காடியையும் சொல்லவில்லை. பத்து காஜா பக்கத்தில் தான் பிறந்து, பால் வெட்டி, கல்யாணமாகி வந்த தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அங்கே கித்தா மரம் போய்ச் செம்பனை வந்து பல வருஷமாகிறது, லயமும் இல்லை. வண்டி செம்மண் பாதையில் ஆடி ஆடிப் போயிற்றாம். முனீஸ்வரர் கோயில் மட்டும் இருந்ததாம். பாட்டி யார் கையையும் பிடிக்காமல், கதவைப் பிடித்துக்கொண்டு தானாகவே இறங்கிப் போய்க் கும்பிட்டாராம். மறுநாள் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பையன் வந்து சொன்னான்.